ஐந்நூறு ரூபாய்தானே என்று கட்டிவிடலாமா?

"ஐந்நூறு ரூபாய்தானே அண்ணாச்சி, கட்டிட்டு வேலையப் பாருங்க." ராத்திரி லைட் இல்லாமல் வண்டி ஓட்டியதாக அபராதச் சீட்டு வந்தால், நம் பக்கத்து டீக்கடைகளில் கிடைக்கிற அறிவுரை இதுதான். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. தப்பு செய்திருந்தால் மறுபேச்சு இல்லாமல் கட்ட வேண்டும். செய்யாத தப்புக்கு ஐந்து ரூபாயும் கட்டக் கூடாது.

நம் வயதுக்காரர்களுக்கு லைட் கேஸ் புதிதல்ல. சைக்கிளில் டைனமோ எரியாவிட்டால் போலீஸ்காரர் நிறுத்துவார். வால்வைப் பிடுங்கிக் காற்றை இறக்கிவிடுவதும் உண்டு. ஆனால் அவர் எதிரே நின்றார். "இப்பத்தான்யா ஒயர் அந்துச்சு" என்று சொல்ல ஓர் ஆள் இருந்தார். இன்று சீட்டு செல்போனுக்கு வருகிறது. செல்போனிடம் யார் நியாயம் பேசுவது?

அதனால் சீட்டு வந்ததும் மூன்று விஷயங்களைப் பாருங்கள்.

முதலில் நேரம். 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 105ஆவது விதிப்படி, பொழுது அடைந்து அரை மணி நேரம் கழித்து விளக்கு எரிய வேண்டும். வெளிச்சம் போதாத எந்த நேரத்திலும் எரிய வேண்டும். ஆடியில் நம் பக்கம் பொழுது அடைய ஏறக்குறைய ஆறே முக்கால் ஆகிவிடும். கார்த்திகையில் ஆறு மணிக்கே அடைந்துவிடும். ஆடித் தபசு பார்த்துவிட்டு, வானம் தெளிவாக இருக்கும்போது ஏழு மணிக்குத் திரும்புகிறவருக்கு வாதம் உண்டு. கார்த்திகையில் அதே ஏழு மணிக்கு வருகிறவருக்குக் கிடையாது.

இரண்டாவது படம். பின்பக்க நம்பர் பிளேட்டை மட்டும் எடுத்த படத்தில் முன்விளக்கு எரிந்ததா இல்லையா என்று எப்படித் தெரியும்?

மூன்றாவது வண்டியின் வயது. 2017 ஏப்ரல் 1 முதல் வந்த புது இருசக்கர வண்டிகளில், எஞ்சின் ஓடினாலே முன்விளக்கு தானாக எரியும். அணைக்க சுவிட்சே இல்லை. பல்பு போயிருந்தால் ஒழிய அது எரியாமல் இருக்காது.

மோட்டார் வாகனச் சட்டம் 177ஆவது பிரிவில் முதல் தடவைக்கு 500 ரூபாய் வரை, அடுத்த தடவைக்கு 1,500 ரூபாய் வரை அபராதம். இன்று சும்மா கட்டுகிறவர், நாளைக்கு 'ரெண்டாவது தடவை' ஆகிவிடலாம். கட்டிவிட்டால் வழக்கும் முடிந்தது, உங்கள் நியாயமும் முடிந்தது. மறுப்பவர்கள் பரிவாஹன் இணையதளத்தில் புகார் பதியலாம், அல்லது கோர்ட்டில் 'குற்றம் செய்யவில்லை' என்று சொல்லலாம். அங்கே நிரூபிக்க வேண்டியது அவர்கள் பொறுப்பு. வாட்ஸ்அப்பில் வரும் லிங்க்கை மட்டும் தொட்டுவிடாதீர்கள். அபராதச் சீட்டு என்ற பெயரில் மோசடி நடக்கிறது.

அதே சமயம், நிஜமாகவே லைட் இல்லாமல் போகிறவருக்காக நான் வாதாட மாட்டேன். கரிசல்காட்டு ரோட்டில் இருட்டில் டிராக்டர் வரும், ஆட்டு மந்தை வரும். விளக்கு நமக்கு வழி காட்ட மட்டுமல்ல, எதிரே வருகிறவனுக்கு நம்மைக் காட்டவும்தான். அந்த உயிருக்கு முன்னால் ஐந்நூறு ரூபாய் ரொம்பக் குறைவு.

அரசிடம் கேட்பது ஒன்றுதான். செல்போன் பழக்கமில்லாத பெரியவர் சங்கரன்கோவிலுக்கும் தென்காசிக்கும் அலையாமல், திருவேங்கடத்திலேயே வாரம் ஒரு நாள் ஓர் அதிகாரி உட்கார்ந்து இந்தச் சீட்டுகளை விசாரிக்கட்டும். தப்பு இருந்தால் கட்டச் சொல்லட்டும், இல்லையென்றால் ரத்து செய்யட்டும். நியாயம் கேட்க ஓர் இடம் இருந்தால், அபராதம் கட்டுகிறவனும் முகம் சுளிக்காமல் கட்டுவான்.