வேண்டுகோள் போதாது, அளவீடு தேவை

கேரளத்தின் உச்ச மின்தேவை 2024 மே மாதம் 5,700 மெகாவாட்டைத் தாண்டியது. மின்வெட்டைத் தவிர்க்க, குளிர்சாதனத்தை 26 டிகிரியில் வைக்குமாறும், இரவு 9 மணிக்குப் பின் அலங்கார விளக்குகளை அணைக்குமாறும் மின்வாரியம் வேண்டியது.

திருவனந்தபுரம் தம்பானூரில் ரயில் நிலையம், பேருந்து நிலைய வளாகம், விடுதிகள் நெருங்கி நிற்கின்றன. மேல்நிலைத் தொட்டிக்கு நீரேற்றுவதைப் பகலுக்கு மாற்றலாம். மாலைக்கு முன்பே அறைகளைக் குளிர்வித்து வைக்கலாம். எந்தக் கட்டடத்தால் எவ்வளவு சுமையை, எத்தனை மணி நேரம் ஒத்திவைக்க இயலும்? இந்தக் கணக்கின்றி விடுக்கப்படும் வேண்டுகோள் நம்பிக்கை மட்டுமே.

மத்திய அரசு 2023 ஜூனில் திருத்திய விதிகள், சூரிய ஒளி நேரத்தில் கட்டணச் சலுகையும் உச்ச நேரத்தில் கூடுதல் கட்டணமும் வகுத்தன. அது பாதி வழியே. நெருக்கடி நேரத்தில் குறைத்த யூனிட்டை அளந்து பணம் தருவதே மீதி வழி. வெளியிலிருந்து மின்சாரம் வாங்கும் மாநிலத்துக்கு அது செலவல்ல, சேமிப்பு.