தேக்குக்கும் குளிர்காலம் உண்டு

நவம்பர்ல ஹீட்டர் ஓட ஆரம்பிச்சதும் நண்பர்கள் வட்டத்தில் ஒரே புகார்: “ஊரிலிருந்து கப்பல்ல வந்த தேக்கு மேஜையில் விரிசல் விட்டிருக்கு. நல்ல மரம்னு சொல்லித்தானே கொடுத்தாங்க?” நல்ல மரம்தாங்க. குற்றம் மரத்தில் இல்லை, வீட்டுக் காற்றில்.

மரம் வெட்டி நூறு வருஷம் ஆனாலும் காற்றிலிருந்து ஈரத்தை வாங்கும், திருப்பி விடும். ஈரம் கூடினால் உப்பும், குறைந்தால் சுருங்கும். நீளவாக்கில் மாற்றம் தெரியாது, அகலவாக்கில்தான் எல்லாம். சென்னையில் வருஷத்தின் பெரும்பகுதி ஈரப்பதம் 60 சதவீதத்துக்கு மேல். டொராண்டோ ஜனவரியில் வெளியே மைனஸ் 10 டிகிரியில் இருக்கும் காற்றை உள்ளே 21 டிகிரிக்குச் சூடாக்கினால், கணக்குப்படி ஈரப்பதம் 10 சதவீதத்தை ஒட்டி வந்துடும். சமையல், குளியல்னு நாம கொஞ்சம் ஈரம் சேர்த்தாலும் அது போதாது. 40 செ.மீ. அகலப் பலகை இந்த மாற்றத்தில் சில மில்லிமீட்டர் சுருங்கும். ஓரங்கள் அசைய முடியாமல் இறுகியிருந்தா, பலகை பிளக்கும்.

அதனால முதல் செலவு பாலிஷ் இல்லை, ஒரு ஹைக்ரோமீட்டர். விலை ரொம்பக் கம்மி. குளிர்காலத்தில் 35 முதல் 45 சதவீதத்துக்குள் வைக்கப் பாருங்க; ஜன்னல் கண்ணாடியில் தண்ணீர் கோத்தால் ஹியூமிடிஃபயரைக் குறைங்க. ஹீட்டர் காற்று நேரா அடிக்கிற இடத்தில் மரச்சாமானைப் போடாதீங்க. விழுந்த விரிசலைக் குளிர்காலத்தில் மக்கு வச்சு அடைக்க வேண்டாம். கோடையில் மரம் உப்பும்போது அந்த விரிசல் தானே நெருங்கி வரும். நடுவில் மக்கு இருந்தா நெருங்க இடம் இருக்காது.

“தேங்காய் எண்ணெய் தடவு, பளபளன்னு ஆயிடும்”னு வீடியோ காலில் அம்மா சொல்வாங்க. ஒரு நாள் பளபளக்கும். ஆனா அது காயாத எண்ணெய். பிசுக்காகி தூசியை இழுக்கும், நாளாக ஆகச் சிக்கு வாடை வரும். லின்சீட் ஆயில் காயும். ஆனா காயும்போது சூடு உண்டாக்கும். துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பைத்தொட்டியில் போட்டா, நெருப்பு வைக்காமலே அது பத்திக்கும். துணியை வெளியே ஒற்றையாக விரிச்சுக் காயவிடுங்க, இல்லேன்னா தண்ணீரில் நனைச்சு மூடியுள்ள தகர டப்பாவில் போடுங்க. பிள்ளைகள் இருக்கிற வீட்டில் இதை மறக்கவே கூடாது.

தினசரிப் பராமரிப்பு சுலபம். மெல்லிய துணியை லேசா நனைச்சு, மர இழை ஓடும் திசையில் துடைங்க. உடனே உலர்ந்த துணியால் ஒரு முறை. சூடான காபி டம்ளர் விட்ட வெள்ளை வட்டம், பூச்சுக்குள் மாட்டிய ஈரம்தான்; பல சமயம் சில நாளில் தானே மங்கிடும். கறுப்பு வட்டம்னா தண்ணீர் மரத்துக்கே இறங்கிடுச்சு, அதுக்கு ஆசாரியைத்தான் பார்க்கணும். பழைய சாமான்களில் அரக்குப் பாலிஷ் இருக்கும். அது ஆல்கஹாலில் கரையும், அதனால ஹேண்ட் சானிடைசரைப் பக்கத்தில் வைக்காதீங்க.

அடுத்தது, மரத்தை விட முக்கியமானது. இழுப்பறைகளை ஒண்ணொண்ணா இழுத்து ஏணி மாதிரி ஏறாத குழந்தை உண்டா? உயரமான அலமாரி, டிரெஸ்ஸர் எதுவா இருந்தாலும் சுவருக்குள் இருக்கும் சட்டத்தோடு திருகிக் கட்டுங்க. அமெரிக்காவில் ஸ்டர்டி சட்டத்தின்படி 2023 செப்டம்பர் முதல் புது டிரெஸ்ஸர்களுக்குக் கவிழாமை விதிகள் கட்டாயம். தாத்தா காலத்து அலமாரி அந்தச் சோதனை எதையும் பார்த்ததில்லை. கனமான தேக்கு அசையாதுன்னு நினைக்காதீங்க; கனம் கூடினா, விழுந்தால் அடியும் கூடும்.

எங்க ஹாலில் பாட்டி வீட்டு ஊஞ்சல் பலகை பெஞ்ச்சா கிடக்கு. அதுல உட்கார்ந்துதான் என் பொண்ணு தமிழ்ப் பள்ளி வீட்டுப்பாடம் எழுதறா. விரிப்பு போட்டு மூடி வைக்கலாமான்னு வீட்டில் ஒரு பேச்சு வந்தது, வேண்டாம்னு விட்டுட்டோம். பாட்டியை அவள் பார்த்ததில்லை, பலகையில மட்டும் தினமும் உட்கார்றா. பென்சில் கீறல் ரெண்டு விழுந்திருக்கு. விழட்டும். காற்றின் ஈரத்தை நான் பார்த்துக்கறேன், வெள்ளிக்கிழமை துடைக்கிற வேலை அவளோடது.