112 ஆண்டுகள் கழித்துக் கிடைத்த பதில்



இம்முறை உங்களைச் சற்றுத் தூரத்துக்கு அழைத்துச் செல்லப் போகிறேன். ஐக்கிய அமெரிக்காவும் கனடாவும் சந்திக்கும் பகுதியில் ஐந்து பேரேரிகள் உள்ளன. ஏரி என்றதும் நம் ஊர்க் குளங்களை நினைத்துவிடாதீர்கள். அவற்றுள் ஒன்றான மிச்சிகன் ஏரியின் பரப்பு ஏறத்தாழ 58,000 சதுர கிலோமீற்றர். நமது இலங்கைத் தீவு முழுவதுமே 65,610 சதுர கிலோமீற்றர்தான். அந்த ஏரியின் கரையில் நின்றால் மறுகரை தெரியாது. புயல் எழுந்தால் கடலைப் போலவே கப்பலை விழுங்கிவிடும். தண்ணீர் மட்டும் உப்பில்லாத நன்னீர்.

இந்த ஏரிகளில் இரும்புத்தாது, தானியம், நிலக்கரி, மரம் என்பவற்றை ஏற்றிச்செல்ல முதலில் பாய்க்கப்பல்களே இருந்தன. 1869ஆம் ஆண்டில் கிளீவ்லன்ட் நகரில் 'ஆர்.ஜே. ஹக்கெட்' எனும் புதுவகைக் கப்பல் கட்டப்பட்டது. உடல் மரம், ஓட்டம் நீராவியால். கப்பலைச் செலுத்தும் அறை முன்னால் அணியத்தில், இயந்திரம் பின்னால், நடுப்பகுதி முழுவதும் சரக்குக்கு. இந்த அமைப்பையே பின்னர் பலரும் பின்பற்றினார்கள். இக்கப்பல்கள் தாம் சரக்கு ஏற்றுவதோடு, பாய்க்கப்பல் ஒன்றையோ இரண்டையோ வடத்தில் கட்டி இழுத்தும் சென்றன. ஒரு இயந்திரத்தின் செலவில் இரண்டு, மூன்று கப்பல்களின் சுமை போய்ச்சேரும்.

ஆனால் மரத்துக்கு ஓர் எல்லை உண்டு. நீளம் கூடக்கூட, அலைமேல் ஏறி இறங்கும்போது கப்பலின் உடல் வளையும். பலகை இணைப்புகள் விலகித் தண்ணீர் கசியும். அதனால் ஓக் மர உடலுக்கு இரும்புப் பட்டைகள் போட்டு இறுக்கினார்கள். 1896இல் கட்டப்பட்ட 'அப்பொமற்றொக்ஸ்' 319 அடி நீளம். நீராவியால் ஓடும் மரக்கப்பல் அதற்குமேல் அங்கே வளரவில்லை. உருக்குக் கப்பல்கள் வந்துவிட்டன. முதலாவதான ஹக்கெட்டும் மிகப்பெரிதான அப்பொமற்றொக்ஸும் 1905ஆம் ஆண்டு நவம்பர் மாதத்திலேயே அழிந்தன. ஒன்று தீப்பற்றி எரிந்தது. மற்றையது மில்வோக்கி நகருக்கு அருகே தரைதட்டியது.

நான் சொல்லவந்தது இவற்றுக்கு இடையில் வந்த ஒரு கப்பலைப் பற்றி. அதன் பெயர் 'எல்.ஆர். டொட்டி'. 1893இல் மிச்சிகன் மாநிலத்தின் வெஸ்ற் பே சிற்றியில் கட்டப்பட்டது. 291 அடி நீளமான உறுதியான மரக்கப்பல். 1898 ஒக்டோபர் மாத இறுதியில் சிக்காகோவிலிருந்து கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்துக்குச் சோளம் ஏற்றிக்கொண்டு புறப்பட்டது. 107,000 புசல் சோளம். நாம் நெல்லைப் புசலில் அளப்பவர்கள் அல்லவா, அந்தப் புசல்தான். இன்றைய கணக்கில் ஏறத்தாழ 2,700 தொன். 'ஒலிவ் ஜீனி' எனும் பாய்க்கப்பலையும் இழுத்துச் சென்றது.

வழியில் கடும் புயல் பிடித்தது. இழுவை வடம் அறுந்தது. இழுக்கப்பட்ட பாய்க்கப்பல் தப்பிவிட்டது. இழுத்துச் சென்ற டொட்டி திரும்பவில்லை. அதிலிருந்த 17 பேரும் மறைந்துபோனார்கள். எந்த இடத்தில் தாழ்ந்தது, எப்படித் தாழ்ந்தது என்று சொல்ல ஒருவர்கூட மிஞ்சவில்லை.

இறந்தாரா, இருக்கிறாரா என்று தெரியாத இழப்புக்கு அமெரிக்க அறிஞர் போலின் பொஸ் 1970களில் ஒரு பெயர் கொடுத்தார். 'தெளிவற்ற இழப்பு' என்று அதைத் தமிழில் சொல்லலாம். வியட்நாம் போரில் காணாமற்போன விமானிகளின் குடும்பங்களை ஆராய்ந்தே அவர் இதை எழுதினார். இந்தப் பெண்கள் துயரத்தை விட முடியாமல் இருப்பது அவர்களது மனப்பலவீனம் அல்ல, பதில் கிடைக்காத நிலைமையே அவர்களை வருத்துகிறது என்பது அவருடைய முடிவு. "இன்னும் எத்தனை காலம் இதையே நினைத்துக்கொண்டிருப்பாய்?" என்று உறவினர் கேட்கும்போது, இந்த வார்த்தையை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

டொட்டியின் கதைக்கு வருவோம். 1991இல் மீனவர் ஒருவரின் வலை ஆழத்தில் எதிலோ சிக்கியது. அவர் அந்த இடத்தைச் சொல்லிவைத்தார். பழைய பதிவுகளைத் தேடிப் படித்தவர்கள் அந்தத் தகவலையும் சேர்த்துப் பார்த்தார்கள். 2010 ஜூன் மாதத்தில், விஸ்கொன்சின் மாநிலத்தின் ஓக் கிரீக் கரைக்கு அப்பால், ஏறத்தாழ 300 அடி ஆழத்தில் சுழியோடிகள் டொட்டியைக் கண்டார்கள். கப்பல் கவிழாமல், நிமிர்ந்தபடியே அடித்தரையில் நின்றது. சரக்கறையில் சோளம் அப்படியே இருந்தது. உப்புக்கடலில் மரத்தைத் துளைத்துத் தின்னும் புழுவை நம் மீனவக் குடும்பங்கள் அறியும். அந்தப் புழு நன்னீரில் இல்லை. குளிரும் சேர்ந்து மரத்தைக் காத்துவிட்டது.

112 ஆண்டுகளில் மனைவியரும் பிள்ளைகளும் போய்ச்சேர்ந்திருப்பார்கள். என்றாலும் '17 பேர் இங்கேதான்' என்று காட்ட ஓர் இடம் கிடைத்தது.

நமது நிலை இதுவல்ல என்று நீங்கள் சொல்வீர்கள். உண்மைதான். புயலிடம் யாரும் கணக்குக் கேட்க முடியாது. மனிதர் கூட்டிச்சென்றவர்களைப் பற்றி மனிதரிடம் கேட்கலாம். கேட்பது உங்கள் உரிமை. கணவரை "இறந்தவர்" என்று எழுதிக் கையொப்பமிட மனம் வராத பெண்களை நான் அறிவேன். அவர்களுக்காகவே, 2010ஆம் ஆண்டின் மரணப்பதிவுச் சட்டம் 2016இல் திருத்தப்பட்டபோது, மரணச் சான்றிதழ் அல்லாமல் 'காணாமற்போனவர்' என்பதைக் குறிக்கும் சான்றிதழ் பெறவும் வழி செய்யப்பட்டது. அதைப் பெறுவதால் தேடும் உரிமையை நீங்கள் விட்டுக்கொடுத்ததாகாது.

ஒன்றைக் கவனியுங்கள். டொட்டியைக் கண்டுபிடிக்க உதவியவை எழுதிவைத்த பதிவுகளும், ஒரு மீனவர் மறக்காமல் சொன்ன தகவலும். ஆகவே ஒரு அப்பியாசக் கொப்பியை எடுங்கள். உங்களவரைக் கடைசியாகக் கண்ட திகதி, இடம், உடுத்திருந்த உடை, உடம்பிலிருந்த தழும்பு, பக்கத்தில் நின்றவர்கள், நீங்கள் முறைப்பாடு செய்த இடங்கள், கடித இலக்கங்கள் என எல்லாவற்றையும் எழுதுங்கள். எழுத வராதவர்கள் பிள்ளைகளைக் கொண்டு எழுதுவியுங்கள். ஒரு பிரதியை வேறு வீட்டில் வையுங்கள். இடம்பெயர்வில் நாம் இழந்த கடதாசிகள் போதும்.

பதில் எப்போது வரும் என்று என்னால் சொல்ல முடியாது. வரும் நாளில் கேள்வி அழியாமல் இருக்கவேண்டும். அந்தக் கொப்பியை இந்த வாரமே தொடங்குங்கள்.