இருமுறை சொன்னால் மெய்யாகுமா?

மதுவருந்தி வண்டியோட்டியதாக ஐயுறப்படுபவரை மூச்சுக் கருவியில் இருமுறை ஊதச் செய்கிறார்கள். இரண்டு எண்களும் நெருங்கி வந்தால் ஐயம் தீர்ந்தது, அறிவியல் பேசிவிட்டது என்கிறார்கள். நண்பர்கள் சிலரும் இவ்வாதத்தைத் தயக்கமின்றி ஒப்பிக்கிறார்கள். நாங்கள் இதை மறுக்கிறோம்.

சுவடிப் பதிப்பின் வரலாறு அறிந்தவர்களுக்கு அதிக விளக்கம் வேண்டியதில்லை. ஒரே மூல ஏட்டைப் பார்த்துப் பெயர்த்தெழுதிய இரு படிகள் ஒத்துப்போவதாலேயே ஒரு பாடம் திருத்தமான பாடமாகிவிடாது. மூலம் பிழையென்றால் இரண்டும் ஒருமித்தே பிழைபடும். மறுசோதனை தற்செயல் பிழையைக் காட்டிக்கொடுக்கும். வாயில் தங்கிய மதுவின் எச்சமோ பாதியில் நின்ற மூச்சோ இரு எண்களையும் விலகச் செய்யும். கருவியின் அளவுத்திருத்தமே கோணலென்றால் நூறு முறை ஊதினாலும் கோணல் எண்ணே வரும்.

இது ஊகமன்று. அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் 'ஆல்கோடெஸ்ட்' கருவி பயன்பட்டது. இரு மூச்சு மாதிரிகளும் ஒத்துவர வேண்டும் என்பது அங்கே விதி. கருவியைத் திருத்துகையில், அளவறிந்த மதுக்கரைசல் 34 பாகை செல்சியஸில் இருக்கிறதா என்பதைத் தேசியத் தரத்தோடு ஒப்பிட்டுச் சான்றளித்த வெப்பமானியால் சோதிக்க வேண்டும். கரைசலின் சூடு ஒரு பாகை மாறினால் ஆவியிலுள்ள மது ஏறத்தாழ 6 முதல் 7 விழுக்காடு மாறிவிடும். காவல்துறை அலுவலர் ஒருவர் இச்சோதனையைச் செய்யாமலே செய்ததாக எழுதிக்கொடுத்தார் என்ற குற்றச்சாட்டு 2016இல் எழுந்தது. 2018இல் மாநில உச்ச நீதிமன்றம், அவ்வாறு திருத்திய கருவிகளின் அளவீடுகளைச் சான்றாக ஏற்க முடியாதென்று தீர்ப்பளித்தது. சிக்கிய சோதனைகள் 20,667. அவற்றுள் இருமுறையும் அழகாக ஒத்துவந்த எண்கள் எத்தனையோ!

இன்னொன்று. கருவி அளப்பது மூச்சை. சட்டம் கேட்பதோ பெரும்பாலும் இரத்தத்தை. 2100 மில்லிலிட்டர் மூச்சிலுள்ள மது 1 மில்லிலிட்டர் இரத்தத்திலுள்ளதற்குச் சமம் என்ற கணக்கே இடையிலுள்ள பாலம். அவ்விகிதம் ஆளுக்கு ஆள் மாறக்கூடியது. அதே ஆள் சில நிமிடம் கழித்து மீண்டும் ஊதினால் அந்த மாறுபாடு எப்படி வெளிப்படும்?

குடிகாரர்களுக்கு வக்காலத்து வாங்குகிறோம் என்பார்கள். நியூ ஜெர்சியில் நிரபராதிக்கு எதிரான சான்றோடு குற்றவாளிக்கு எதிரான சான்றும் சேர்ந்தே சரிந்தது என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்கட்டும். சாலையில் செத்தவர்களுக்கு நீதி வேண்டுவோர் முதலில் கேட்க வேண்டியவை இரண்டு: கருவியின் திருத்தப் பதிவேடு, அக்கருவியைச் சாராத இரத்தப் பரிசோதனை. மூன்றாம் முறையும் ஊதச் சொல்வது இவற்றுக்கு ஈடாகாது.