மருந்து அறையும் மனநலமும்

2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் ஒரு பட்டாசு ஆலையில் நேர்ந்த வெடிவிபத்து முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பலிகொண்டது. இத்தகைய விபத்துகளில் இறந்தோர்க்கு இழப்பீடு அறிவிக்கப்படுகிறது. ஆனால் உயிர் தப்பியவரிடம் ஏற்படக்கூடிய 'பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சல்', அதாவது நடந்த கொடுமை மீண்டும் மீண்டும் கண்முன் தோன்றி உறக்கத்தையும் உழைப்பையும் குலைக்கும் நோய், எந்தக் கணக்கிலும் எளிதில் ஏறுவதில்லை.

அவ்வேதனையை மறக்கச் சிலர் மதுவை நாட, நாளடைவில் அது மதுச்சார்பாக, அதாவது குடிக்காவிட்டால் உடலே தாங்காத நிலையாக, முற்றுகிறது. குடியைத் திடீரென நிறுத்தினாலோ கை நடுங்குகிறது. ஆலையின் மருந்து அறையில், சிறு உராய்விலும் தீப்பற்றும் வெடிமருந்துக் கலவையைக் குழாயில் செலுத்துபவருக்கு அந்நடுக்கம் உயிராபத்து. செய்த எண்ணிக்கைக்கே கூலி என்பதால், அவர் விடுப்பெடுத்தால் வீட்டில் அடுப்பு எரியாது.

போதையில் இருப்பவரை வெடிபொருள் பணியில் அமர்த்துவதை 2008-ஆம் ஆண்டின் வெடிபொருள் விதிகள் தடுக்கின்றன. எனினும் தொழிலாளியை வாயிலில் திருப்பி அனுப்புவது ஆலையைக் காக்குமேயன்றி அவரைக் குணப்படுத்தாது. அரசு நிதியில் மனநலச் சிகிச்சை பெறுவதை 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் உரிமையாக்கியுள்ளது. 2022 முதல் 14416 என்ற எண்ணில் இலவசத் தொலைபேசி ஆலோசனையும் கிடைக்கிறது.

எனவே பட்டாசுக் கிராமங்களின் ஆரம்ப சுகாதார நிலையங்களில், கூலி இழப்பின்றி வந்துபோக ஏற்றவாறு, மாலைநேர மனநல ஆலோசனையையும் குடிமீட்புச் சிகிச்சையையும் தொடங்குவது மாவட்ட நிர்வாகத்தின் உடனடிக் கடமையாகும்.