தாத்தாவின் டிவி கேமுக்குப் பேத்தி செய்த கேசட்

புதுச்சேரி கதிர்காமத்தில் ஒரு வீடு. பொங்கலுக்காகப் பரணைச் சுத்தம் செய்தபோது, 1990-களில் தாத்தா வாங்கிக் கொடுத்த டிவி கேம் கிடைத்தது. தாத்தா இன்று இல்லை. ஆனால் தூசி துடைத்துப் பழைய டிவியில் இணைத்தால், பெட்டி இன்னும் ஓடுகிறது.

பிளஸ் ஒன் படிக்கும் பேத்திக்கு ஓர் ஆசை. கம்ப்யூட்டரில் அவளே ஒரு சின்ன விளையாட்டு எழுதியிருந்தாள். அதைக் கேசட்டாக்கி, தாத்தாவின் பெட்டியிலேயே ஓட்ட வேண்டும். ஆன்லைனில் தேடி, இருப்பதிலேயே இடம் அதிகம், விலை குறைவு என்று ஒரு மெமரி சிப்பை வாங்கியும் விட்டாள். சாலிடர் வைக்கும் முன் தெருமுனை டிவி மெக்கானிக்கிடம் காட்டினார் அப்பா. அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு சிப்பைப் பார்த்தார்.

“இதைச் சொருகிடாத பாப்பா. சிப்பும் போகும், தாத்தா பெட்டிக்கும் ஆபத்து.”

முதல் பார்வை வோல்ட்டுக்கு

நம் ஊரில் விற்ற இந்தப் பெட்டிகளில் பெரும்பாலானவை, 1983-ல் ஜப்பானில் நிண்டெண்டோ வெளியிட்ட ‘ஃபேமிகாம்’ கருவியின் நகல்கள். உள்ளே ஓடுவது 5 வோல்ட். இன்றைய மெமரி சிப்களில் பல 3.3 வோல்ட்டுக்குச் செய்யப்பட்டவை. அவற்றை 5 வோல்ட்டில் போட்டால் சூடாகிக் கெடும். உள்ளே ஷார்ட் ஆனால் பெட்டியின் ரெகுலேட்டரையும் பதம் பார்க்கும். சிப்பின் பெயரில் ‘எல்வி’ என்ற எழுத்துகள் இருந்தால் உஷார்! குறைந்த வோல்ட் என்று அர்த்தம். பேத்தி வாங்கியதில் அதுதான் இருந்தது.

32 என்றால் 32 அல்ல

பேத்தியின் விளையாட்டுக்கு நிரல் 32 கிலோபைட், படங்கள் 8 கிலோபைட். பழைய மரியோ விளையாட்டும் இதே அளவுதான். அப்படியானால் 27சி32 வாங்கலாமா? கூடாது. சிப்பின் பெயரில் உள்ள எண் கிலோபிட் கணக்கு. எட்டால் வகுத்தால்தான் கிலோபைட். 27சி32 என்பது வெறும் 4 கிலோபைட். 32 கிலோபைட் வேண்டுமென்றால் 27சி256. 8 கிலோபைட்டுக்கு 27சி64.

சரியான அளவு கிடைக்காவிட்டால் பெரியதை வாங்கலாம். 64 கிலோபைட் கொண்ட 27சி512-ல் அதே நிரலை இரண்டு முறை எழுதிவிட்டால், பெட்டி எந்தப் பாதியைப் படித்தாலும் விளையாட்டு ஓடும். படங்களை எட்டு முறை எழுத வேண்டும். பயன்படாத முகவரிக் கால்களை அந்தரத்தில் விடாமல் 5 வோல்ட்டிலோ கிரவுண்டிலோ சேர்த்துவிட வேண்டும்.

கால்களின் எண்ணிக்கை ஒன்றாக இருப்பதாலேயே சிப் பொருந்திவிடாது. இரண்டு சிப்களிலும் 28 கால்கள் இருக்கலாம். எந்தக் கால் என்ன வேலை செய்கிறது என்பது மாறும். கேசட் போர்டின் படத்தையும் சிப்பின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒவ்வொன்றாக டிக் அடிப்பதே பாதுகாப்பு. பெயரின் கடைசியில் வரும் ‘-15’ போன்ற எண் வேகம். 150 நானோ செகண்ட். அதுவோ அதைவிடக் குறைவாகவோ இருந்தால் கவலை இல்லை.

எங்கே கிடைக்கும்?

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் விசாரிக்கலாம். ஆன்லைனிலும் வாங்கலாம். அதற்கு முன் காயலான் கடையை எட்டிப் பாருங்கள். 1990-களின் கம்ப்யூட்டர் மதர்போர்டுகளில், ஸ்டிக்கர் ஒட்டி, சாக்கெட்டில் செருகியபடி ஒரு சிப் இருக்கும். அந்த பயாஸ் சிப் இதே குடும்பமாக இருக்கலாம்.

பழைய சிப் என்பது குறையல்ல. பழையதைப் புதியது என்று விற்பதுதான் ஏமாற்று. மேற்பரப்பைத் தேய்த்து வேறு பெயர் அச்சடித்த சிப்கள் நிறைய உலவுகின்றன. பஞ்சில் அசிட்டோன் தொட்டுத் துடைத்தால், பிறகு அச்சிட்ட எழுத்து கரைந்து வரலாம். கம்ப்யூட்டரோடு இணைக்கும் புரோகிராமர் கருவியில் வைத்தால், சிப்பின் நிறுவன அடையாளம் தெரியும். அழித்த சிப்பில் எல்லா இடத்திலும் ‘எஃப்எஃப்’ என்றே வர வேண்டும்.

கண் பத்திரம்!

நடுவில் கண்ணாடி ஜன்னல் உள்ள சிப் என்றால், அழிக்கப் புற ஊதா விளக்கு தேவை. ரூபாய் நோட்டைச் சோதிக்கும் ஊதா விளக்கு உதவாது. 254 நானோமீட்டர் அலைநீளம் கொண்ட விளக்கில் சுமார் 20 நிமிடம் வைக்க வேண்டும். அந்த ஒளி கண்ணையும் தோலையும் சுட்டுவிடும். மூடிய பெட்டிக்குள் அல்லாமல் எரியவிடவே கூடாது. எழுதிய பிறகு ஜன்னல்மேல் ஸ்டிக்கர் ஒட்ட மறக்காதீர்கள். நேரடி வெயில் ஒரு வாரம் பட்டால்கூட எழுதியது அழிந்துவிடலாம்.

பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு வின்பாண்டின் டபிள்யூ27சி512 மேல். ஜன்னல் கிடையாது, புரோகிராமரே மின்சாரத்தால் அழித்துவிடும். வாங்குமுன், உங்கள் புரோகிராமரின் பட்டியலில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

கதிர்காமத்து வீட்டிலும் அதையே இரண்டு வாங்கினார்கள். ‘999999 இன் 1’ என்று எழுதிய பழைய கேசட்டைத் திறந்தால், சிப்புக்குப் பதில் போர்டில் கறுப்புப் பொட்டு மாதிரி ஒட்டியிருந்தது. அதைக் கழற்றி மாற்ற முடியாது. அதனால் 60 முனை உள்ள புதுப் போர்டு வரவழைத்து, சிப்பை நேராகப் பற்ற வைக்காமல் சாக்கெட் வைத்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மாலை. பெட்டியில் செருகும் முன், 5 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் இடையே ஷார்ட் இருக்கிறதா என்று மெக்கானிக் மீட்டர் வைத்துப் பார்த்தார். இல்லை.

“போடு பாப்பா.”

டிவியில் விளையாட்டு வந்தது. இரண்டாவது கட்டத்தில் வீரன் சுவருக்குள் சிக்கிக்கொண்டான்.

“ஐயோ, நான்தான்பா தப்பா எழுதிட்டேன்.”

“அதனால என்ன? கழட்டு, அழிச்சிட்டு மறுபடி எழுது. அதுக்குத்தானே சாக்கெட் வெச்சோம்?” என்றார் அப்பா.

பாட்டி மட்டும் டிவியைப் பார்க்கவில்லை. முப்பது வருடத்துக்குப் பிறகும் எரியும் அந்தப் பெட்டியின் சின்னச் சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.