தாம்பரத்துக்குப் போகும் சாரியை

"தமிழ் வராத பையன்" என்று சொல்லித்தான் அவனை என்னிடம் அனுப்பினார்கள். ஏழாம் வகுப்பு. 'சாரியை என்றால் என்ன?' என்ற கேள்விக்கு எதுவும் எழுதாமல் வந்திருந்தான். பேசாம பிரெஞ்சுக்கு மாத்திடலாம், மார்க்காவது வரும் என்று வீட்டில் பேச்சு.

பையனுக்கு மாநகரப் பேருந்து என்றால் பித்து. எந்த நம்பர் எந்த வழியாகப் போகும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். நான் புத்தகத்தை மூடிவைத்தேன்.

"கிண்டிக்கு பஸ், தாம்பரத்துக்கு பஸ். 'தாம்பரம்க்கு'ன்னு ஏன்டா சொல்றதில்ல?"

யோசித்தான். "ம்-ல முடிஞ்சா 'த்து' வருது சார். பல்லாவரத்துக்கு, மாதவரத்துக்கு, செங்குன்றத்துக்கு…" ஊர்களை அடுக்கிக்கொண்டே போனான். அத்துச் சாரியையை அவனே கண்டுபிடித்துவிட்டான். நான் சொன்னது அதன் பெயரை மட்டும்தான்.

இதைக் கேட்ட மூத்த தமிழாசிரியர் ஒருவர், "பஸ்ஸை வைத்தா இலக்கணம்? மொழியை மலிவாக்காதீர்கள்" என்றார். ஐயா, இலக்கணம் பஸ் போர்டில் ஏறினால் மலிவாகிவிடுமா? நியூசிலாந்தில் சில்வியா ஆஷ்டன்-வார்னர் மாவோரிக் குழந்தைகளிடம் "உனக்கு என்ன வார்த்தை வேணும்?" என்று கேட்டு, அதை அட்டையில் எழுதிக் கொடுத்தார். பேய், முத்தம் போன்ற சொற்கள் உடனே மனதில் நின்றன. மறுநாள் குழந்தைக்கு அடையாளம் தெரியாத அட்டையை அவர் தூக்கிப்போட்டார். நாமோ அட்டையை வைத்துக்கொண்டு குழந்தையைத் தூக்கிப்போடுகிறோம். பிரேசிலின் அங்கிகோஸில் 1963இல் பாவ்லோ ஃபிரெய்ரே சுமார் 300 பேருக்கு எழுத்தறிவித்ததும் அவர்களுடைய வேலையிலும் வாழ்விலும் புழங்கிய சொற்களிலிருந்துதான்.

இன்னொரு கூட்டமும் இருக்கிறது. அதே பழைய பயிற்சித்தாளின் மூலையில் கார்ட்டூன் புலியை ஒட்டிவிட்டு 'ஜாலியான தமிழ்' என்பார்கள். அது கசப்பு மாத்திரைக்குத் தடவிய சர்க்கரை. புலி அவர்கள் தேர்ந்தெடுத்தது. பிள்ளைக்குப் பிடித்தது எது என்று யாருமே கேட்கவில்லை. கேட்டால் பதில் பஸ்ஸாக இருக்கலாம், பப்ஜியாக இருக்கலாம், பல்லியாகவும் இருக்கலாம். அதற்குள் இலக்கணத்தைத் தேடி எடுப்பது ஆசிரியரின் வேலை. அந்த உழைப்புக்குச் சோம்பல்பட்டுத்தான் 'தரம்' என்ற சொல்லுக்குப் பின்னால் ஒளிகிறோம்.

பஸ்ஸிலேயே குறுந்தொகைக்குப் போய்விட முடியுமா? முடியாது. ஆனால் பஸ் ஸ்டாண்டு வரை வராத பிள்ளையை வேறு எப்படி அழைத்துப்போவது?

அடுத்த வகுப்புக்கு அவன் செருப்பைக் கழற்றும் முன்பே கேட்டான்: "சார், கோயம்பேடுல ஒரே ஒரு 'ட'தான் இருக்கு. 'கோயம்பேட்டுக்கு'ன்னு சொன்னா இன்னொண்ணு எங்கேர்ந்து ஏறுது?"